வெளிநாட்டில் கார்டு: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுப் பயணத்தில் வங்கிக் கார்டுகளைப் பயன்படுத்துவது குறித்து வந்த கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: வெளிநாட்டுக் கடை ஒன்றில் பணம் செலுத்தும்போது, அந்த நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா, உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா என்று கருவியின் திரை கேட்டது. எவ்வளவு போகும் என்பது அப்போதே தெரிந்துவிடுமே என்று எங்கள் நாட்டு நாணயத்தைத் தேர்ந்தெடுத்தேன். பிறகு கணக்கைப் பார்த்தால், அந்தத் தொகைக்கு மேல் வங்கியும் ஒரு கட்டணத்தைப் பிடித்திருக்கிறது. இது முறையா?

பதில்: முறைதான், ஆனால் உங்களுக்கு இரட்டை இழப்பு. நீங்கள் அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுத்திருந்தால், தொகை விசா அல்லது மாஸ்டர்கார்டு வலையமைப்பின் வழியாகச் சென்று, அந்த நிறுவனம் அன்றாடம் நிர்ணயிக்கும் விகிதத்தில் மாற்றப்பட்டிருக்கும். அந்த விகிதம் வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் மொத்தச் சந்தை விகிதத்துக்கு மிக அருகில் இருப்பது. இரு நிறுவனங்களும் அதைத் தங்கள் இணையதளங்களிலேயே வெளியிடுகின்றன. அதன்மேல் உங்கள் வங்கி தனது வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தைச் சேர்க்கும். பெரும்பாலான கார்டுகளில் இது 1 முதல் 3 சதவீதத்தை ஒட்டியும், சிலவற்றில் அதற்குச் சற்று மேலும் இருக்கும். பயணிகளுக்கென்றே வழங்கப்படும் சில கார்டுகளில் இந்தக் கட்டணம் அறவே கிடையாது.

நீங்கள் தேர்ந்தெடுத்தது வேறு வழி. அதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்று பெயர். இதில் நாணயத்தை மாற்றுவது உங்கள் வங்கியும் அல்ல, விசாவோ மாஸ்டர்கார்டோவும் அல்ல. கடைக்குக் கருவியைத் தந்திருக்கும் நிறுவனம். விகிதத்தை அதுவே வைக்கிறது, தன் லாபத்தை அதற்குள்ளேயே சேர்த்துவிடுகிறது, அதில் ஒரு பங்கைப் பெரும்பாலும் கடைக்கும் தருகிறது. இந்தக் கூடுதல் 3, 4 சதவீதத்தில் தொடங்கி, சில ஏ.டி.எம்.களில் 10 சதவீதத்தையும் தாண்டுவதுண்டு. ‘கமிஷன் இல்லை’ என்று திரையில் எழுதியிருப்பது பொய்யல்ல. கமிஷனாக எதுவும் வாங்குவதில்லை, விகிதத்திலேயே வாங்கிவிடுகிறார்கள். இத்தனைக்கும் பிறகு, கடை வெளிநாட்டில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பல வங்கிகள் தங்கள் கட்டணத்தையும் தனியே பிடிக்கின்றன. உங்கள் கணக்கில் நடந்தது அதுதான்.

எனவே எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டு நாணயத்தையே எப்போதும் தேர்ந்தெடுங்கள். தேர்வு வாடிக்கையாளருடையது என்பது கார்டு வலையமைப்புகளின் விதி. கடைக்காரர் உங்களைக் கேட்காமலே பொத்தானை அழுத்திவிடுவதும் நடக்கிறது. ஆகவே ரசீதில் உங்கள் நாட்டு நாணயத்தின் பெயரும் ஒரு மாற்று விகிதமும் அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இருந்தால், அந்தப் பரிவர்த்தனையை ரத்துசெய்து மீண்டும் உள்ளூர் நாணயத்தில் போடச் சொல்லலாம். மறுத்தால், ரசீதைப் பத்திரப்படுத்தி உங்கள் வங்கியில் புகார் பதிவு செய்யுங்கள். உங்கள் சம்மதமின்றி நாணயம் மாற்றப்பட்டது என்பது வங்கி ஏற்று விசாரிக்கக்கூடிய காரணமாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒன்றியத்து நாணயங்களுக்கிடையே நடக்கும் இத்தகைய மாற்றத்துக்கு, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று 2020 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. அந்தச் சதவீதத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் ஒருவர் அதைத் தேர்ந்தெடுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது நல்லதா, விமான நிலையத்திலேயே நோட்டுகளை மாற்றிக்கொள்வது நல்லதா?

பதில்: ஏ.டி.எம்.தான், ஆனால் ஏ.டி.எம்.மைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விமான நிலைய நாணய மாற்று நிலையங்கள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே பெரிய இடைவெளி வைப்பவை. முதல் நாள் டாக்ஸிக்கு வேண்டியதற்கு மேல் அங்கே மாற்றத் தேவையில்லை.

ஏ.டி.எம்.மில் இரு பக்கமும் கட்டணம் உண்டு. இயந்திரத்தை நடத்துபவர் ஒன்றை வாங்குவார், உங்கள் வங்கி இன்னொன்றை வாங்கும். முதலாவது பெரும்பாலும் ஒவ்வொரு முறைக்கும் நிலையான தொகை. தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுகளுக்குப் பல ஆண்டுகளாக வசூலிக்கப்பட்டுவந்த 220 பாத் இதற்கு நல்ல உதாரணம்: 1,000 பாத் எடுப்பவருக்கு அது 22 சதவீதம், 20,000 பாத் எடுப்பவருக்கு 1.1 சதவீதம் மட்டுமே. ஆகவே சிறுகச் சிறுக எடுப்பதைவிட, பத்திரமாக வைத்துக்கொள்ள முடிந்த அளவுக்கு ஒரே முறையில் எடுப்பது நல்லது. சில வங்கிகள் பிற நாட்டு வங்கிகளுடன் கூட்டு வைத்துக்கொண்டு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. புறப்படும் முன் உங்கள் வங்கியிடம் அதைக் கேட்டுவிடுங்கள்.

சுற்றுலாப் பயணிகள் கூடும் தெருக்களில், வங்கிக் கிளையோடு சேராமல் தனியே நிற்கும் இயந்திரங்களைத் தவிர்ப்பதே என் யோசனை. மேலே சொன்ன நாணய மாற்றத் தந்திரம் அதிக விலைக்கு விற்பனையாவது அவற்றில்தான். திரையில் உங்கள் நாட்டு நாணயத்தில் ஒரு தொகையும் அதன் கீழே ஒரு விகிதமும் தோன்றும். ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தான் பெரியதாகவும் பச்சை நிறத்திலும், ‘மாற்றத்தை மறுக்கிறேன்’ என்பது சிறியதாக ஓரத்திலும் இருக்கும். மறுத்தால் பணமே வராது என்று பலர் அஞ்சி ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் ஆகாது. மறுப்பது நாணய மாற்றத்தை மட்டுமே. இயந்திரம் ஒருமுறைக்கு இருமுறை ‘உறுதிதானா’ என்று கேட்டுவிட்டு, நீங்கள் கேட்ட உள்ளூர் நோட்டுகளைத் தந்துவிடும், விகிதத்தை உங்கள் வங்கியும் வலையமைப்பும் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: அவசரத்துக்குக் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கலாமா?

பதில்: உண்மையான அவசரமாக இருந்தால் மட்டும். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் ரொக்கத்துக்குக் கிடையாது. பெரும்பாலான கார்டுகளில் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், ரொக்கம் எடுத்ததற்கான தனிக் கட்டணமும் சேரும். ரொக்கத்துக்கு டெபிட் கார்டு, கடைகளுக்குக் கிரெடிட் கார்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹோட்டலில் அறை எடுத்தபோது டெபிட் கார்டிலிருந்து வாடகையைவிட அதிகமான தொகை பிடிக்கப்பட்டது. காலி செய்து பல நாட்கள் ஆகியும் திரும்பவில்லை. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஹோட்டல்களும் கார் வாடகை நிறுவனங்களும், சேதம் அல்லது கூடுதல் செலவு ஏற்பட்டால் ஈடுகட்டுவதற்காக ஒரு தொகையை முன் அனுமதியாக முடக்கிவைக்கும். அது செலவாகப் பதிவாவதில்லை, ஆனால் உங்கள் கைக்கும் எட்டாது. கிரெடிட் கார்டாக இருந்தால் கடன் வரம்பில் ஒரு பகுதி முடங்கும், அவ்வளவுதான். டெபிட் கார்டாக இருந்தால் உங்கள் சொந்தப் பணமே முடங்கிப்போகும், பயணத்தின் நடுவில் கையிருப்புக் குறைந்தவருக்கு இது பெரிய தொல்லை. ஹோட்டல் விடுவித்த பிறகும், வங்கியின் கணக்கில் அது நீங்கச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகலாம். விடுவித்ததற்கான உறுதியை ஹோட்டலிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கி, அதை வங்கிக்கு அனுப்பினால் வேலை விரைவாக முடிய வாய்ப்பு உண்டு. அடுத்த முறை முன்பணத்துக்குக் கிரெடிட் கார்டை மட்டும் நீட்டுங்கள். கார் வாடகை நிறுவனங்களில் பல, ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை வைப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு லாபமா?

பதில்: ஒரே நாட்டுக்கு, திட்டமிட்ட செலவோடு போகிறவருக்கு லாபமாக இருக்கலாம். ஏற்றிய நாளின் விகிதமே நிலைத்துவிடுவதால் பிறகு உங்கள் நாட்டு நாணயத்தின் மதிப்பு சரிந்தாலும் கவலையில்லை. ஆனால் அந்த விகிதத்துக்குள் வழங்குநரின் லாபம் ஏற்கெனவே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். விளம்பரத்தில் ‘கட்டணம் பூஜ்யம்’ என்று இருந்தால், அன்றைய விசா, மாஸ்டர்கார்டு விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யூரோ ஏற்றிய கார்டை வேறு நாணயம் புழங்கும் நாட்டில் தேய்த்தால் நாணயக் குறுக்கு மாற்றுக் கட்டணம் விழும். மீதமுள்ள பணத்தைத் திரும்பப் பெறும்போதும் இன்னொரு விகிதத்தில் கொஞ்சம் போகும்.

கேள்வி: புறப்படும் முன் கார்டு விஷயத்தில் வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: வெளிநாட்டுப் பயன்பாடு பல கார்டுகளில் இயல்பாக முடக்கப்பட்டிருக்கும்; வங்கியின் செயலியில் அதை இயக்கி, நாள் வரம்பையும் பார்த்துவிடுங்கள். இணையவழிக் கட்டணங்களுக்கான ஓ.டி.பி. உங்கள் வழக்கமான எண்ணுக்கே வரும் என்பதால், அந்த சிம் வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி பெறுமாறு இருக்க வேண்டும். இரண்டு கார்டுகளாவது, முடிந்தால் ஒன்று விசாவும் மற்றொன்று மாஸ்டர்கார்டுமாக, வெவ்வேறு பைகளில் இருக்கட்டும். ரகசிய எண்ணை எழுத்துகளாக நினைவில் வைத்திருப்பவர்கள் எண்களாக மனப்பாடம் செய்துகொள்வது அவசியம், ஏனெனில் பல நாடுகளின் விசைப்பலகைகளில் எழுத்துகள் இருப்பதில்லை. அமெரிக்காவில் பெட்ரோல் பம்ப்பின் கருவி கார்டுதாரரின் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்கும். வெளிநாட்டுக் கார்டுக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. உள்ளே காசாளரிடம் சென்று தொகையைச் சொல்லி முன்பணமாகச் செலுத்திவிட்டால் பம்ப் வேலை செய்யும்.