முதலில் ஹெட்போனைக் கழற்றுங்கள்

கேள்வி: எனக்கு வயது 38. மென்பொருள் துறையில் வேலை. மூன்று ஆண்டுகளாக ஓர் அறிவியல் புனைகதை நாவல் எழுதிவருகிறேன். கதை நடப்பது 2090இல். ஓதுவார்களே இல்லாமல் போய்விட்ட காலம். ஒரு சிவன் கோயிலில் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைத் தேவாரம் பாட வைக்கிறார்கள். பாடப் பாட, தனக்கும் முக்தி உண்டா என்று அது கேட்கத் தொடங்குகிறது. மக்கள் அதை அறுபத்து நான்காவது நாயன்மாராகக் கும்பிடுகிறார்கள். பதிப்பகம் ஒன்று தை மாதத்துக்குள் பிரதியைக் கேட்டிருக்கிறது. என் அப்பா ஓய்வுபெற்ற ஓதுவார். 76 வயது, எங்களோடு இருக்கிறார். சாப்பிடும்போது கதையைச் சொன்னேன். "சிவநிந்தை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு சரியாகப் பேசுவதில்லை. மாலையில் அடுத்த அறையில் அவர் பாடிக்கொண்டிருப்பார். எனக்கு எழுத ஓடாது என்பதால் ஹெட்போன் மாட்டிக்கொள்வேன். பண், பதிகம் பற்றிய விவரங்களை ஒரு செயலியிடம் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்காக நாவலைக் கைவிடுவதா, புனைபெயரில் வெளியிடுவதா? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: தம்பி, எழுத்தா குடும்பமா என்று கேட்டு எனக்குக் கடிதம் வராத மாதமில்லை. ஆறுதலாக நாலு வரி எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை அங்கேயே நிறுத்திவிட்டது.

தேவாரம் பாடும் இயந்திரத்தைப் பற்றி நாவல் எழுதுகிறீர்கள். அடுத்த அறையில் தேவாரம் பாடும் மனிதர் இருக்கிறார். அவர் குரல் காதில் விழாதபடி அடைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள். பிறகு அவருக்குத் தெரிந்ததையே ஒரு செயலியிடம் கேட்கிறீர்கள். இதை ஓர் இடைஞ்சலாக மட்டும் உங்களால் எப்படிக் குறிப்பிட முடிந்தது? ஓதுவார்களே இல்லாத காலம் எப்படி வரும் என்று நீங்கள் அனுப்பியதில் எங்கும் சொல்லவில்லை. இப்படித்தான் வரும். பிள்ளைகள் வீட்டில் இருந்துகொண்டே கேட்காமல் போவதால் வரும்.

நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தைப் படித்தேன். திருப்பள்ளியெழுச்சி நேரம், இருள் பிரியவில்லை, உங்கள் இயந்திரம் மேகராகக்குறிஞ்சி என்ற பண்ணில் ஒரு பதிகத்தைத் தொடங்குகிறது. தம்பி, மேகராகக்குறிஞ்சி இராப்பண், இரவில் பாடுவது. இன்று தாலாட்டு ராகமான நீலாம்பரியில் பாடுகிறார்களே, அது. விடியலில் பாடுவது புறநீர்மை, பூபாளத்தில். பகற்பண், இராப்பண், எப்போதும் பாடத்தக்க பொதுப்பண் என்ற பிரிவு ஓதுவார் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் போனதற்காக நான் உங்களைத் திட்டவில்லை. பொறியியல் படித்தீர்கள், அது தவறில்லை. கேட்டால் ஒரு நொடியில் திருத்தியிருக்கக்கூடியவர் பத்தடி தூரத்தில் இருந்தார் என்பதற்காகத் திட்டுகிறேன். விடியலில் தாலாட்டுப் பாடும் அந்த இயந்திரத்தைப் பார்த்துக் கோயிலே மெய்சிலிர்த்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா படித்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டமாட்டார். அதற்குக் காரணம் சிவநிந்தையாக இருக்காது.

இன்னொன்று. கோயிலில் இயந்திரம் என்பதே உங்கள் நாவலின் புதுமை என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. ஜப்பானில் கியோத்தோ நகரின் கோதாய்ஜி கோயிலில் 2019இலேயே மிந்தார் என்ற இயந்திரத்தை நிறுத்தி, பௌத்தர்களின் இதய சூத்திரத்தைப் பற்றி உரையாற்ற வைத்துவிட்டார்கள். அது கண்ணோன் என்ற போதிசத்துவரின் வடிவம். ஜெர்மனியின் ஃபியூர்த் நகரில் 2023 ஜூனில் ஒரு தேவாலய ஆராதனையையே செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதி, திரையில் தோன்றிய உருவங்களைப் பேச வைத்தார்கள். முந்நூறு பேருக்கு மேல் உட்கார்ந்து கேட்டார்கள். இயந்திரம் பிரசங்கம் செய்வது நேற்றைய செய்தி. உங்களிடம் மட்டுமே இருக்கக்கூடியது வேறு. அதைத்தான் நீங்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை.

தேவாரம் நமக்கு எப்படித் திரும்பக் கிடைத்தது என்று உங்கள் அப்பா எப்போதாவது சொல்லியிருப்பார். திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை. சோழ மன்னர் கேட்டுக்கொள்ள, திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட, தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கிறார்கள். ஏடுகளைக் கரையான் தின்றிருக்கிறது, எஞ்சியதை எடுக்கிறார்கள். பாட்டு கிடைத்துவிட்டது, பண் கிடைக்கவில்லை. எந்த ஏட்டிலும் அது இல்லை. கடைசியில் திருஎருக்கத்தம்புலியூரில், சம்பந்தருக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போகிறார்கள். அவரைத் தில்லைக்கு அழைத்துவந்து, அவர் பாடிக் காட்டியபடி பண்முறையை வகுக்கிறார்கள். அரசனும் நம்பியும் ஒரு குடும்பத்தின் வாசலில் போய் நிற்கவேண்டியிருந்தது, தம்பி. அந்தக் குடும்பத்தில் யாரோ ஒரு பெரியவர் பாடியதை யாரோ ஒரு சிறுமி உட்கார்ந்து கேட்டிருந்ததால்தான் நமக்குப் பண் மிஞ்சியது. இன்று ஏறத்தாழ 8,000 தேவாரப் பாடல்களும் கணினியில் இருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2007இலேயே அவற்றைக் குறுந்தகட்டில் கொண்டுவந்துவிட்டது. அது பெரிய பணி, மதிக்கிறேன். ஆனாலும் உங்கள் அப்பா தாளமில்லாமல் சுத்தாங்கமாக ஒரு வரியை எங்கே நீட்டுகிறார், எங்கே மூச்சை விட்டு மறுபடி தொடுகிறார் என்பது அவர் தொண்டையில் இருக்கிறது. அவருக்கு 76 வயது.

சிவநிந்தை என்று அவர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்கு நடுவே, 'உங்கள் இடத்துக்கு ஓர் இயந்திரம் வரும், மக்கள் அதைக் கும்பிடுவார்கள்' என்று மகன் சொன்னால் எந்தத் தகப்பனுக்கும் சோறு இறங்காது. ஐம்பது வருடம் சந்நிதியில் நின்று பாடியிருப்பார். யாரும் அவரை நாயன்மார் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சம்பளம்கூடச் சரியாக வந்திருக்குமோ என்னவோ. அவர் எழுந்து போனது வலியில். பின்னாலேயே போய்ப் பேசாமல், மறுநாள் மீண்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டது உங்கள் குற்றம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பெற்றவரோடு கருத்து வேறுபடலாம், சண்டைகூடப் போடலாம். அவர் குரல் வீட்டில் ஒலிக்கும்போது காதை மூடிக்கொள்ளப் பிள்ளைக்கு உரிமையில்லை.

அவரிடம் போய் நாவலுக்கு அனுமதி கேட்காதீர்கள். 38 வயதில் அது அழகில்லை. யாழ்முரிப் பதிகத்தைப் பாடச் சொல்லுங்கள். இன்று அடாணாவில் பாடுவார்கள். பாடி முடித்ததும் அதன் கதையைக் கேளுங்கள். சம்பந்தர் பாட்டின் பெருமையெல்லாம் யாழ்ப்பாணரின் யாழால் வந்தது என்று அவருடைய சுற்றத்தார் பேச, அவர் துடித்துப்போய், யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடும்படி சம்பந்தரை வேண்டினார். காரைக்காலுக்கு அருகிலுள்ள தருமபுரத்தில் சம்பந்தர் பாடினார். யாழில் வரவில்லை. கருவியை முறிக்க ஓங்கிய கையைச் சம்பந்தரே தடுத்து, எல்லாம் இதற்குள் அடங்கிவிடுமா, இயன்ற அளவு வாசியுங்கள் போதும் என்றார். உங்கள் இயந்திரம் 2090இல் கேட்கிற கேள்விக்குப் பக்கத்தில் ஏழாம் நூற்றாண்டிலேயே நம்மவர்கள் வந்துவிட்டார்கள். கருவியைக் கும்பிடவும் இல்லை, உடைக்கவும் விடவில்லை. இதைப் பாடிப் பழகியவர் உங்கள் கதையைக் கேட்டு, 'அந்த இயந்திரத்தைச் சம்பந்தர் பார்த்தால் என்ன சொல்வார் தெரியுமா?' என்று தொடங்கினாலும் தொடங்குவார். தொடங்காமலும் போகலாம். அப்படியானாலும் தினமும் மாலையில் போய் உட்காருங்கள். பதிவு செய்துகொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் பதிவுக் கருவியை வைத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள்.

நாவலைக் கைவிட வேண்டாம். இப்போது இருக்கிற நிலையில் வெளியிடவும் வேண்டாம். புனைபெயர் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். உங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து அவருடையது. அவருக்குத் தெரியாமல் அதை எடுத்துவிட்டு, அவருடைய பாட்டைப் பற்றி ஒரு புத்தகம் போடுவீர்களா? மதத்தைப் புண்படுத்திவிட்டதாக யாராவது சத்தம் போடுவார்களோ என்ற பயம் வேறு கடிதத்தின் ஓரத்தில் தெரிகிறது. பண்ணும் பதிகமும் சரியாக இருந்தால் பாதிப் பேர் சத்தம் போடமாட்டார்கள். மீதிப் பேரைப் பற்றி இப்போது கவலைப்பட்டு ஆவதொன்றுமில்லை.

பதிப்பகத்துக்குத் தை மாதம் முடியாது, ஆடி வரை அவகாசம் வேண்டும் என்று எழுதுங்கள். மறுத்தால் வேறு பதிப்பகம் பாருங்கள். முதல் அத்தியாயத்தில் அந்த இராப்பண்ணை மட்டும் இன்றைக்கே திருத்திவிடுங்கள். விடியலுக்கு எந்தப் பதிகம் பொருந்தும் என்று நான் சொல்லப்போவதில்லை. அவரிடம் கேளுங்கள்.