பனிமலை ஏறும் கால்களுக்குக் கம்பளிக் காலுறை: கேள்வி பதில்

காட்பாடி மாணவர்: டிசம்பரில் உத்தராகண்டில் கேதார்காந்தா ஏறப்போகிறேன். கல்லூரிக்கு அணியும் பருத்திக் காலுறையையே இரண்டு ஜோடியாகப் போட்டுக்கொண்டால் போதாதா?

போதாது, தம்பி. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஏறும்போது அது தெரியாது. இளைப்பாற உட்கார்ந்த சற்று நேரத்தில் அந்த ஈரமே பாதத்தின் சூட்டை இழுத்துவிடும். கம்பளியோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக உள்வாங்கிய பின்னும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது. அதன் சுருண்ட இழைகளுக்கிடையே தங்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. இரண்டு ஜோடியைத் திணித்தால் அந்தக் காற்றும் நசுங்கும், ரத்த ஓட்டமும் குறையும்.

ஆம்பூர் அன்பர்: ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். வழக்கமான நம்பரிலேயே மலையேற்ற ஷூ வாங்கலாமா?

நல்ல கேள்வி, பலர் தவறுவது இங்கேதான். ஷூ தைக்கப் பயன்படும் பாத வடிவ ‘லாஸ்ட்’ அச்சில் விரல் நுனிக்கு முன்னால் இடம் விடுவதன் அருமை உங்களுக்குத் தெரியும். தடித்த கம்பளி அந்த இடத்தைத்தான் முதலில் விழுங்குகிறது. ஆகவே நம்பரை நம்பாமல், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், மலையில் அணியப்போகும் காலுறையுடனேயே போட்டுப் பாருங்கள். நாடாவைத் தளர்த்தி, விரல்கள் முன்பக்கம் முட்டும்வரை பாதத்தைத் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். முதல் பனிப் பயணத்தில் நான் இதைச் செய்யவில்லை. உயர்தரக் காலுறை அணிந்தும் கட்டைவிரல் மரத்துப்போனது. நாடாவை இரண்டு கண்ணி தளர்த்திய பிறகுதான், ஊசி குத்துவதுபோன்ற வலியோடு, உணர்வு திரும்பியது.

குடியாத்தம் வாசகர்: கம்பளி என்றாலே குத்துமே?

தடித்த இழைதான் குத்தும். மெரினோ ஆட்டின் மென்மையான இழை 20 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லியது. தோலில் பட்டதும் வளைந்துகொடுக்கும். நூறு விழுக்காடு கம்பளியைத் தேட வேண்டாம். சிறிது நைலான் கலந்திருந்தால்தான் குதிகால் பகுதி விரைவில் தேயாது.

கம்மவான்பேட்டைத் தாயார்: லடாக்கில் ராணுவத்தில் இருக்கும் மகன் பனிச்சறுக்குப் பயிற்சியில் அணியும் காலுறையை விடுப்பில் கொண்டுவந்தான். வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தேன். சிறுபிள்ளை அளவுக்குச் சுருங்கிவிட்டது. சரிசெய்ய முடியுமா?

முடியாது, அம்மா. கம்பளி இழையின் மேல் மீன்செதில் போன்ற அடுக்குகள் உண்டு. சூடும் ஈரமும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகிவிடும். அடுத்த ஜோடியைத் துவைகல்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். உட்புறத்தை வெளியே திருப்பி, மென்மையான சோப்பு கரைத்த குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்தி, நம் ஊர் வெயிலில் காட்டாமல் நிழலில் விரித்துப் போடுங்கள். மகனுக்கு ஒரு ஜோடி கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள். பகலில் அணிந்தது எவ்வளவு உலர்ந்ததாகத் தோன்றினாலும், அதைக் கழற்றிவிட்டு இரவு உறக்கத்துக்கென்றே வைத்திருக்கும் ஜோடியை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.