அப்பச்சியின் பெட்டி – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பள்ளத்தூரில் எங்கள் வீட்டைப் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து பழுது பார்க்கிறோம். ஒவ்வோர் அறையாக ஒழித்தபோது அப்பச்சியின் (எங்கள் அப்பாவின்) மரப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், பழைய கல்யாணப் பத்திரிகைகள், அடியில் ஒரு பை நிறையக் கேசட்டுகள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருந்து வந்த கடைக்காரர் பெட்டிக்கு நல்ல விலை சொல்கிறார். உள்ளே இருப்பதை எடைக்குப் போடச் சொல்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகள், "எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கே, அப்புறம் எதுக்கு இந்தக் குப்பை?" என்று கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எடைக்குப் போடவும் மனசு வரவில்லை. கேசட்டைப் போட்டுக் கேட்க வீட்டில் கருவியும் கிடையாது. என்ன செய்யலாம்?

மெ., பள்ளத்தூர்

அன்புள்ள மெ.,

எதையும் எடைக்குப் போடாதீர்கள். பெட்டியை வேண்டுமானால் விற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் கேட்பது நியாயமான கேள்விதான். பாட்டு மட்டும் போதும் என்றால் போனே போதும், கேசட்டைவிடத் தெளிவாகவும் கேட்கும். ஆனால் ஒரு பாட்டுப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடிகர்கள் பெயர், ஒலிப்பதிவு செய்தவர், ஒப்பனை, தையல் வரைக்கும் பெயர்கள். அப்புறம் கதைச் சுருக்கம். கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். பின்னட்டையில் ஒரு சோப்போ பல்பொடியோ விளம்பரம். அந்தக் காலத்து மனிதர்கள் எதை வாங்கினார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பது அந்த அட்டையில் இருக்கிறது. போனில் பாட்டு ஒலிக்கும்போது பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் வந்தாலே பெரிது. எழுதியவர் பெயர் பல சமயம் இருப்பதில்லை. சிறுகூடல்பட்டியில் கண்ணதாசன் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு எனக்கு இது உறுத்துகிறது.

இப்படிப்பட்ட 'குப்பை'யை ஒருவர் சேர்த்து வைத்ததால் என்ன நடந்தது என்பதற்கு நீங்கள் தூரமாகப் போக வேண்டாம். பள்ளத்தூரில் இருந்து காரைக்குடி வரும் வழியில் கோட்டையூர் இருக்கிறது இல்லையா? அங்கே ரோஜா முத்தையா செட்டியார் இருந்தார். பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர். நல்ல நூல்களை மட்டும் அவர் சேர்க்கவில்லை. நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, மலிவுப் பதிப்புகள், வார இதழ்கள் என்று அடுத்தவர் தூக்கிப் போடுகிறதை எல்லாம் வீட்டில் கொண்டுவந்து அடுக்கினார். 1992இல் அவர் காலமானபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் சேர்ந்திருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்றைக்குத் தமிழ் அச்சு வரலாறு, நாடகம், சினிமா எதைப் பற்றி ஆராய்பவரும் அந்தப் படியை மிதிக்காமல் இருக்க முடியாது. கம்பராமாயணத்துக்குப் பத்து இடத்தில் பிரதி கிடைக்கும். ஓரணா நோட்டீஸ் அவர் மாதிரி ஒருவர் எடுத்து வைத்தால்தான் உண்டு.

நம் பக்கத்துக்கு இந்த வெகுசன ஊடகத்தோடு பழைய உறவும் இருக்கிறது. 'ஊழியன்', 'குமரன்' போன்ற இதழ்கள் காரைக்குடியில் இருந்து வந்தவை. ஏவி. மெய்யப்பன் இந்த ஊர்க்காரர், கிராமபோன் தட்டு விற்பதில் தொடங்கியவர். 1948இல் கோடம்பாக்கம் போவதற்கு முன் அவருடைய ஸ்டுடியோ இங்கேதான் இருந்தது. 1947இல் வந்த 'நாம் இருவர்' காரைக்குடியில் எடுத்த படம். உங்கள் அப்பச்சியின் பெட்டியில் அந்தப் படத்தின் புத்தகம் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

சரி, கேசட்டுகளுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அவைதான். கடையில் வாங்கிய பிரபலமான படப் பாட்டுக் கேசட் என்றால் கவலையில்லை, யாருக்காவது கொடுத்துவிடலாம். ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த கேசட் வேறு. ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு போய்க் கொடுப்போம். அறுபது நிமிடத்துக்குள் அடங்க வேண்டும், பக்கத்துக்கு ஆறோ ஏழோதான் தேறும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ராத்திரி எல்லாம் யோசித்து, அடித்து, திருத்திப் போட்ட பட்டியல் அது. உங்கள் அப்பச்சி தன்னைப் பற்றி எழுதி வைத்தது வேறு எதுவும் கிடைக்காமல் போகலாம். அந்த அட்டையில் அவர் கையெழுத்தில் இருக்கும் பாட்டு வரிசை அவரைப் பற்றி நிறையச் சொல்லும். இன்று அடுத்த பாட்டு எது என்பதைப் பெரும்பாலும் செயலியே முடிவு செய்கிறது. நாமே உட்கார்ந்து உண்டாக்கும் பட்டியலும் அந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. உரிமம் முடிந்தால் நடுவில் ஒரு பாட்டு இல்லாமல் போகும். கடையையே மூடினால் எல்லாமே போகும். ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளத்தில் நம் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எவ்வளவு எழுதினார்கள்! 2014 செப்டம்பர் 30 அன்று அதை மூடினார்கள்.

அப்புறம், மேலே எதுவுமே எழுதாத கேசட் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. ஊரில் இருந்தும் ஆச்சியும் ஆயாவும் அப்பத்தாவும் சுற்றி உட்கார்ந்து பேசி, குழந்தையைப் பாட வைத்து, பதில் கேசட் அனுப்புவார்கள். அப்படி ஒன்று உங்கள் பையில் இருந்தால், உலகத்தில் எந்தப் போனிலும் கிடைக்காத ஒலி அது. மகளுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான்.

பல வருஷம் ஓடாத கேசட்டை எடுத்தவுடன் போட்டுவிடாதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் தொடவே வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் ஒருமுறை முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிவிட்டு அப்புறம் கேளுங்கள். முதல் தடவை கேட்கும்போதே கணினியில் பதிந்துவிடுங்கள், இரண்டாம் தடவை அறுந்து போகலாம். பாட்டுப் புத்தகங்களில் துருப்பிடித்த பின்களை மெதுவாகக் கழற்றிவிடுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேட் செய்யவே கூடாது, பிறகு அந்தத் தாளை மீட்க முடியாது. ஃபிளாஷ் போடாமல், முற்றத்து வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தால் போதும். அதை உங்கள் மகள் நம்மைவிட நன்றாகச் செய்வாள்.

அவளிடம் இன்னொரு வேலையும் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவுகள் இருக்கின்றனவே, அவை அந்தப் பேசி அனுப்பிய கேசட்டுகளேதான். போனை மாற்றும்போதும், இடம் போதவில்லை என்று துடைக்கும்போதும் முதலில் போவது அவைதான். உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி அதிலேயே இருக்கிறது. ஆயாவின் குரலை மட்டுமாவது வெளியே எடுத்து, நாள் குறித்து, இரண்டு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கல்யாண அழைப்பும் இப்போது வீடியோவாக வந்து மறுவாரமே காணாமல் போகிறது. நகரத்தார் பத்திரிகையில் ஊர், கோயில், விலாசம் எல்லாம் இருக்கும். பெட்டியில் இருக்கும் பழைய பத்திரிகைகளைப் பங்காளிகள் யாரும் பிரித்து எடுத்துப் போகவிடாமல், முதலில் எல்லாவற்றையும் படமெடுத்துவிட்டு அப்புறம் பங்கு வையுங்கள்.

ஓடுகிற நிலையில் கேசட் ப்ளேயர் ஒன்று என்னிடம் இருக்கிறது. பெயர் எழுதாத கேசட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக்குடி வாருங்கள். மகளையும் அழைத்து வாருங்கள். வரும்போது அவளுடைய லேப்டாப்பும் வேண்டும்.

அன்புடன்.