டெல்லிக்கு எழுதலாமா? லோக்பால், லஞ்சப் புகார்: வாசகர் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘லோக்பால்’ என்ற சொல் இருக்கிறது. அதிலும் பாதி, லோக்பாலுக்குச் சம்பந்தமே இல்லாதவை. ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்டிருந்தால், ஒருவருக்குச் சொன்ன பதிலை மற்ற மூவரும் தங்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளவும்.

பட்டா மாறுதலுக்கு எங்கள் ஊர் வி.ஏ.ஓ. ஐயாயிரம் கேட்கிறார். டெல்லி லோக்பாலுக்கு எழுதினால் எத்தனை நாளில் நடவடிக்கை வரும்? பொறி வைத்துப் பிடிப்பது எப்படி? (விழுப்புரம்)

வராது. லோக்பால் பார்ப்பது மத்திய அரசு ஆட்களை: பிரதமர், மத்திய அமைச்சர்கள், எம்.பி.க்கள், மத்திய அரசு ஊழியர்கள். வி.ஏ.ஓ. மாநில ஊழியர். உங்கள் மாவட்டத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகம் இருக்கிறது, அங்கே போங்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் போங்கள்.

பொறியைப் பற்றி: நான் பணியில் இருந்தபோது ஒருமுறை சாட்சியாகக் கூட்டிப்போனார்கள். வேறு துறை ஊழியர் இருவரைச் சாட்சிக்கு வைப்பது வழக்கம். புகார்தாரர் கொண்டுவந்த நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் பொடியைத் தடவி அவர் சட்டைப்பையில் வைத்தார்கள். ‘அவராகக் கேட்டால் கொடுங்கள், நீங்களாக நீட்டாதீர்கள்’ என்று மூன்று தடவை சொன்னார்கள். உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு வந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அதுதான் சைகை. வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கச் சொன்னார்கள். வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது ரோஜா நிறத்துக்கு மாறியது. அதைப் பாட்டிலில் ஊற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள். விரல் சிவந்தால் மட்டும் வழக்கு நிற்காது. அவர் கேட்டார் என்பதும் நிரூபணமாக வேண்டும். அந்த மூன்று தடவை எச்சரிக்கை அதற்குத்தான்.

லோக்பால், லோக் ஆயுக்தா, லோக் அதாலத்: மூன்றும் ஒன்றுதானே? (மதுரை)

இல்லை. முதலாவது மத்திய அரசுக்கு, இரண்டாவது மாநிலத்துக்கு. மூன்றாவதில் வங்கிக் கடனையும் விபத்து இழப்பீட்டையும் பேசித் தீர்ப்பார்கள். பெயர் ஒட்டி வந்தால் பங்காளி ஆகிவிடாது.

பெயர் போடாமல் மூன்று பக்கம் எழுதி லோக்பாலுக்கு அனுப்பினேன். ஒரு வருடமாகியும் பதில் இல்லை. (பெயர், ஊர் இல்லை)

பதிலை யாருக்கு அனுப்புவார்கள்? மொட்டைக் கடிதத்துக்கு அங்கே இடமில்லை. குறித்த படிவம், அடையாளச் சான்று, பிரமாணப் பத்திரம் மூன்றும் வேண்டும். எனக்கு வந்த நகலைப் படித்தேன். ‘எல்லாரும் கொள்ளையடிக்கிறார்கள்’ என்று ஒன்பது இடத்தில் இருக்கிறது. ஒரு தேதிகூட இல்லை. எத்தனையாவது தடவையாகச் சொல்கிறேனோ தெரியவில்லை: தேதி, இடம், தொகை. இந்த மூன்றும் இல்லாதது புகார் அல்ல, புலம்பல்.

2011-ல் லோக்பால் கேட்டு அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்தபோது நானும் மெழுகுவத்தி பிடித்தேன். சட்டமும் வந்தது. அப்புறம் ஏன் எதிர்பார்த்தது நடக்கவில்லை? (கோயம்புத்தூர்)

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

சட்டம் அமலுக்கு வந்தது 2014 ஜனவரியில். முதல் தலைவர், நீதிபதி பினாகி சந்திர கோஸ், பதவியேற்றது 2019 மார்ச்சில். நடுவில் ஐந்து வருடம். சொல்லப்பட்ட காரணம்: தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் இருக்க வேண்டும், 2014 தேர்தலில் காங்கிரஸ் பிடித்தது 44 இடம், பத்தில் ஒரு பங்கான 55-ஐத் தொடாததால் அங்கீகாரம் பெற்ற எதிர்க்கட்சித் தலைவரே கிடையாது. சரி, ஒப்புக்கொள்வோம். இதே முட்டுக்கட்டை சி.பி.ஐ. இயக்குநர் தேர்வுக்கும் வந்தது. அங்கே என்ன செய்தார்கள்? ‘எதிர்க்கட்சிகளில் பெரியதன் தலைவர் போதும்’ என்று 2014 நவம்பரிலேயே திருத்தம் போட்டு நிறைவேற்றினார்கள். அதே திருத்தம் லோக்பாலுக்கு மட்டும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இருக்கிற சட்டத்தை வைத்தே நியமிக்கலாம், தள்ளிப்போடக் காரணமில்லை என்றது. அதற்கப்புறமும் ஏறத்தாழ இரண்டு வருடம் போயிற்று.

ஆள் வந்தாவது நிலைத்ததா? கோஸ் 2022 மே மாதம் பதவியை விட்டார். அடுத்த முழுநேரத் தலைவர் ஏ.எம். கான்வில்கர் வந்தது 2024 மார்ச்சில். அதுவரை பொறுப்புத் தலைவரை வைத்து ஓட்டினார்கள். விசாரணைக்கு ஓர் இயக்குநர், வழக்கு நடத்த ஓர் இயக்குநர் வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த நாற்காலிகள் வருடக் கணக்கில் காலியாகக் கிடந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்கு நினைவிருக்காது. அரசு ஊழியர்கள் தங்கள் சொத்தோடு கணவன், மனைவி, பிள்ளைகள் சொத்தையும் கணக்குக் காட்ட வேண்டும் என்று 44-ஆவது பிரிவு சொன்னது. 2016 ஜூலை 31 கடைசி நாள். அதற்கு மூன்று நான்கு நாள் இருக்கும்போது திருத்தம் கொண்டுவந்து, இரண்டு அவைகளிலும் அடுத்தடுத்த நாளில் நிறைவேற்றி, அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். தலைவரை நியமிக்க ஐந்து வருடம் பிடித்த சட்டம், வாலை நறுக்க இரண்டு நாள்தான் எடுத்துக்கொண்டது.

ஹசாரே குழுவினரின் ‘ஜன் லோக்பால்’ சட்ட வரைவில் கேட்டது, சி.பி.ஐ.யின் லஞ்ச ஒழிப்புப் பிரிவையே லோக்பாலுக்குக் கீழே கொண்டுவாருங்கள் என்று. கிடைத்தது, லோக்பால் அனுப்பும் வழக்குகளில் மட்டும் சி.பி.ஐ. மேல் மேற்பார்வை. யார் நியமிக்கிறார்கள், யாருடைய போலீஸ்: லோக்பால் போன்ற குறைகேட்பவர் சுதந்திரமானவரா என்று தெரிந்துகொள்ள இந்த இரண்டைப் பார்த்தால் போதும். நாம் சட்டம் வந்த அன்றைக்கே மெழுகுவத்தியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். நானும்தான்.

கர்நாடகத்தில் மட்டும் லோக் ஆயுக்தாவுக்குப் பெயர் வந்தது எப்படி? (ஓசூர்)

அங்கே சொந்தப் போலீஸ் பிரிவு இருந்தது. 2011-ல் லோக் ஆயுக்தாவாக இருந்த நீதிபதி சந்தோஷ் ஹெக்டே கொடுத்த சட்டவிரோதச் சுரங்க அறிக்கையால் முதல்வர் எடியூரப்பா பதவி விலக நேர்ந்தது. 2016-ல் வேறொரு கட்சியின் அரசு, ஊழல் தடுப்புப் பிரிவு என்று தனியாக ஒன்றை உருவாக்கி, வழக்குப் போடும் அதிகாரத்தை லோக் ஆயுக்தா போலீசிடமிருந்து எடுத்துக்கொண்டது. 2022-ல் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கலைத்து அதிகாரத்தைத் திரும்பக் கொடுத்தது. பக்கத்துக் கேரளத்திலும் கேளுங்கள்: லோக் ஆயுக்தா தீர்ப்பால் 2021-ல் ஓர் அமைச்சர் பதவி போயிற்று, 2022-ல் அந்தத் தீர்ப்புக்கு இடம் கொடுத்த சட்டப் பிரிவையே திருத்த மசோதா வந்தது. எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். கடிக்கிற பல்லைப் பிடுங்குவதில் கட்சி வேறுபாடு கிடையாது.

தமிழ்நாட்டில் லோக் ஆயுக்தா உண்டா, இல்லையா? (தஞ்சாவூர்)

உண்டு. மத்தியச் சட்டம் மாநிலங்களுக்கு ஒரு வருட அவகாசம் கொடுத்தது. நாம் எடுத்துக்கொண்டது நான்கு வருடத்துக்கு மேல். உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2018 ஜூலை 9 அன்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. தலைவரும் நான்கு உறுப்பினர்களும். தேர்வுக் குழுவில் முதலமைச்சர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர். மூன்று பேரில் இரண்டு பேர் எந்தப் பக்கம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்திரப் பதிவுக்கு இருபதாயிரம் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் ஆகிறது. இப்போது புகார் கொடுத்தால் நானும் மாட்டுவேனா? (சேலம்)

மாட்ட வாய்ப்பு உண்டு. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ சொல்லியிருக்க வேண்டும். அந்த ஏழு நாள் உங்களுக்கு எப்போதோ போய்விட்டது. எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். மற்றவர்களுக்கு: கொடுப்பதற்கு முன்னால் போங்கள் என்று மேலே விழுப்புரத்துக்காரருக்குச் சொன்னது இதற்காகத்தான்.

புகார் பொய் என்று சொல்லி என்னையே உள்ளே தள்ளுவார்களாமே? (நாகர்கோவில்)

தெரிந்தே பொய்ப்புகார் கொடுத்தால் லோக்பால் சட்டப்படி ஒரு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். நல்லெண்ணத்தோடு கொடுத்த புகார் நிரூபணமாகாமல் போனால் அது பொய்ப்புகார் ஆகாது. ஆனால் பயமுறுத்த இந்தப் பிரிவு நன்றாக உதவுகிறது என்பதும் உண்மை. உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைச் சேர்க்காதீர்கள்.

2009-ல் நடந்த ஒரு மத்திய அரசு ஒப்பந்த முறைகேடு. இப்போது எழுதலாமா? (அரக்கோணம்)

காலம் கடந்தது. சம்பவம் நடந்து ஏழு வருடத்துக்குள் புகார் போயிருக்க வேண்டும்.

பிரதமர் மேல் யாராவது புகார் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா? நீதிபதிகள் மேல்? (சென்னை)

பிரதமர் மேல் கொடுக்கலாம். வெளியுறவு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அணுசக்தி, விண்வெளி ஆகியவை தொடர்பானவற்றைத் தொட முடியாது. மற்றவற்றில் முழு அமர்வு கூடி, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதித்தால்தான் விசாரணை, அதுவும் மூடிய கதவுக்குள். நீதிபதிகள் விஷயம்: உயர் நீதிமன்ற நீதிபதிகளும் தன் வரம்புக்குள் வருவார்கள் என்று 2025 ஜனவரியில் லோக்பால் சொன்னது, பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

என் அண்ணன் பூர்வீகச் சொத்தில் பங்கு தரவில்லை. அவர் ரயில்வே ஊழியர். லோக்பால்? (திருச்சி)

சிவில் கோர்ட்.

இந்த ‘லோக்பால்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? நல்ல தமிழில் சொல்லக்கூடாதா? (பாளையங்கோட்டை)

1963-ல் எல்.எம். சிங்வி என்ற எம்.பி. மக்களவையில் கொடுத்த பெயர். இந்த மாதிரி அமைப்பு முதலில் வந்தது ஸ்வீடனில், 1809-ல். முதல் மசோதா 1968-ல் வந்தது. 2011-க்குள் எட்டு மசோதாக்கள் வந்து மாண்டன. தமிழில் ‘மக்கள் காவலர்’ என்று சொல்லலாம். உள்ளாட்சிப் புகார்களுக்கு ‘முறைமன்ற நடுவம்’ என்று அழகான பெயர் வைத்திருக்கிறோம். பேரூராட்சித் தெருவிளக்குக் கணக்கில் சந்தேகம் என்று எழுதியிருந்த இருவரும் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளவும்.

புகாரைத் தமிழில் எழுதலாமா? என் பெயர் வெளியே தெரிந்துவிடுமா? (பெரம்பலூர்)

வழக்கமாக ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் ஏற்கலாம் என்று விதி இருக்கிறது, தமிழ் அதில் உண்டு. நகலை மட்டும் இணையுங்கள், அசல் உங்கள் கையை விட்டுப் போகக்கூடாது. விசாரணை முடியும்வரை புகார்தாரரின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் ‘ஊர்த் தலைவரிடமும் மன்றத்துப் பையன்களிடமும் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன்’ என்று நீங்களே கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்.