ரெண்டு றெக்கை, ஏகப்பட்ட கம்பி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நான் 1/48 அளவுல, அதாவது நிஜத்துல 48-ல ஒரு பங்கா, ஃபேரி ஸ்வார்ட்ஃபிஷ் பிளாஸ்டிக் மாடல் கட்டினதைப் பத்தி எழுதியிருந்தேன். இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் கடற்படை ஓட்டின, துணி போர்த்தின ரெட்டை றெக்கை விமானம் அது. அதைப் படிச்சுட்டு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: சார், ஸ்பிட்ஃபயர், முஸ்டாங்னு இதுவரைக்கும் நாலு கிட் முடிச்சிருக்கேன். ஸ்வார்ட்ஃபிஷ் மேல ரொம்ப நாளா ஆசை, ஆனா ரெண்டு றெக்கையையும் இழுத்துக் கட்டற அந்தக் கம்பிங்களைப் பாத்தாலே பயமா இருக்கு. இப்ப இறங்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இறங்குங்க தம்பி. நாலு கிட் முடிச்ச கைக்கு ஒட்டறதும் பெயின்ட் அடிக்கறதும் வந்திருக்கும், இதுல புதுசா வர்றது ரெண்டே விஷயம்தான், மேல் றெக்கையைக் கோணாம நிறுத்தறது ஒண்ணு, கம்பி கட்டறது ஒண்ணு. ஆனா விலை கம்மியா இருக்கேன்னு 1/72 மட்டும் வாங்கிடாதீங்க. நிஜ விமானத்துக்கு றெக்கை நுனியிலேருந்து நுனிக்கு 13.87 மீட்டர், 1/48-ல அது 29 சென்டிமீட்டர் கிட்ட வரும், 1/72-ல வெறும் 19 தான். ரெண்டு றெக்கைக்கு நடுவுல ட்வீசரை நுழைச்சு வேலை பாக்கறப்பதான் அந்த 10 சென்டிமீட்டரோட அருமை தெரியும். நான் கட்டினது டமியா கம்பெனியோட 1/48, பொருத்தம் அவ்வளவு சுத்தம், முதல் ரெட்டை றெக்கைக்கு அதையே சொல்லுவேன்.

கேள்வி: எல்லாத்தையும் ஒட்டிட்டு பெயின்ட் அடிக்கணுமா, பெயின்ட் அடிச்சுட்டு ஒட்டணுமா? கம்பி எப்போ கட்டணும்? வரிசையைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.
– வாசகர், திருச்சி

பதில்: என்கிட்ட கேட்டா இந்த மாடல்ல கஷ்டம் கை வேலையில இல்லை, வரிசையிலதான் இருக்கு. என் முதல் ரெட்டை றெக்கை மாடல்ல மத்த விமானம் மாதிரியே எல்லாத்தையும் ஒட்டிட்டு அப்புறமா பெயின்ட் எடுத்தேன், மேல் றெக்கையோட அடிப்பக்கத்துக்கு ஏர்பிரஷ் எட்டவே இல்லை, அதோட ஒரு ஓட்டை கூட போட்டு வைக்கலை, ஸ்ட்ரட்டுங்களுக்கு, அதாவது ரெண்டு றெக்கைக்கும் நடுவுல நிக்கற கால்களுக்கு, நடுவுல டிரில்லை நுழைக்கப் போய் ரெண்டு ஸ்ட்ரட் உடைஞ்சுது. அந்த மாடலை முடிக்கவே முடியலை, இன்னும் பெட்டியிலதான் கிடக்கு.

அதனால ஸ்ப்ரூவுலேருந்து, அதாவது பாகங்க ஒட்டி வர்ற பிளாஸ்டிக் சட்டத்துலேருந்து, றெக்கையை வெட்டி எடுத்த அன்னைக்கே செய்ய வேண்டியது ஓட்டை. கம்பி எங்கெங்க வந்து முடியுதோ அங்கெல்லாம் பென்சில்ல புள்ளி வச்சுக்குங்க, குண்டூசியால லேசா ஒரு பள்ளம் குத்துங்க, அப்புறம் 0.3 மில்லிமீட்டர் டிரில் பிட்டைக் கையால திருப்பிப் போடுங்க, மோட்டார் டிரில் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிடும். சாஞ்சு வர்ற கம்பிக்கு ஓட்டையும் அதே சாய்வுல இருக்கணும், நேரா போட்டா கம்பி நுனியில மடங்கி நிக்கும், பாத்த உடனே கண்ணை உறுத்தும்.

அடுத்து உடம்பு, கீழ் றெக்கை, வால் இதை மட்டும் ஒட்டுங்க. மேல் றெக்கையும் ஸ்ட்ரட்டுகளும் தனியாவே இருக்கட்டும். எல்லாத்துக்கும் பெயின்ட், டெக்கல் (ஒட்டற சின்னங்க), வாஷ் (இடுக்குல ஓட விடற நீர்த்த பெயின்ட்), கடைசி வார்னிஷ் வரைக்கும் முடிச்சுடுங்க. ஸ்ட்ரட் நுனியிலயும் அது போய் உக்கார்ற குழியிலயும் பெயின்ட் இருந்தா சுரண்டிடணும், பெயின்ட் மேல ஒட்டினா பிடிக்காது. அதுக்கப்புறம்தான் மேல் றெக்கை. அதை டேபிள்ல மல்லாக்கப் படுக்க வச்சு, விமானத்தைக் கவுத்து அதுமேல இறக்கறது எனக்கு சுலபமா இருக்கு. ரெண்டு பக்கமும் தீப்பெட்டியை ஒரே உயரத்துக்கு அடுக்கி முட்டுக் கொடுத்துட்டு, முன்னாடியிலேருந்து ஒரு தடவை பின்னாடியிலேருந்து ஒரு தடவை பாருங்க, மேல் றெக்கையும் வாலோட கிடை இறக்கையும் ஒண்ணுக்கொண்ணு இணையா தெரியணும். மெதுவா காயற பசையைப் போடுங்க, சூப்பர் க்ளூ போட்டா திருத்த நேரம் இருக்காது. ராத்திரி முழுக்க காயட்டும். மறுநாள் கம்பி.

கேள்வி: கம்பிக்கு எந்த நூல் நல்லது? தலைமுடி கூட போடலாம்னு ஒருத்தர் சொன்னார். அப்புறம் எந்தக் கம்பி எங்க போகுதுன்னு எனக்குப் புரியவே மாட்டேங்குது.
– வாசகி, மதுரை

பதில்: ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வர்றேன், அது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. உடம்பு ஓரத்துல கீழ் றெக்கையிலேருந்து கிளம்பி மேல் றெக்கையோட வெளிப்பக்கத்துக்கு ஏறிப் போற கம்பி, பறக்கறப்ப றெக்கை மேல தூக்கிட்டுப் போகாம இழுத்துப் பிடிக்கும், அதனால அது ஜோடியா இருக்கும். அதுக்குக் குறுக்கா மேலேருந்து கீழே வெளிப்பக்கமா இறங்கற கம்பி, விமானம் தரையில நிக்கறப்ப றெக்கையோட கனத்தைத் தாங்கும். முன் ஸ்ட்ரட்டுக்கும் பின் ஸ்ட்ரட்டுக்கும் நடுவுல பெருக்கல் குறி மாதிரி போறது றெக்கை முறுக்காம இருக்க. இந்த மூணு வேலையையும் மனசுல வச்சுட்டு போட்டோவைப் பாருங்க, குழப்பம் தன்னால தீரும்.

நூலுக்கு வர்றேன். தலைமுடி வேண்டாம்மா, ஈரக்காத்துல நீளும், வெயில்ல சுருங்கும். தங்கூசி நரம்பு, அதாவது தூண்டில் நரம்பு, மெல்லிசா 0.1 மில்லிமீட்டர் கிட்ட கிடைச்சா அருமையா நிக்கும், லேசா தளர்ந்திருந்தா அணையாத ஊதுபத்தியைப் பக்கத்துல காட்டினா போதும், சுருங்கி விறைச்சுக்கும், பட்டா மட்டும் அறுந்துடும். ஆனா அதுக்கு ஒரு றெக்கையில ஓட்டை முழுசா ஊடுருவிப் போகணும், நரம்பை இழுத்துப் பிடிச்சு ஒட்டி, மிச்சத்தை வெட்டி, புட்டி வச்சு, தேய்ச்சு, மறுபடி பெயின்ட் தொடணும். அதனாலதான் நான் லைக்ராவுல வர்ற எலாஸ்டிக் நூலுக்கு மாறினேன். பாதி ஆழம் ஓட்டை போதும், ஊசி முனையில ஒரு துளி சூப்பர் க்ளூ தொட்டு ஒரு நுனியை ஒட்டி, லேசா இழுத்து அடுத்த நுனியை ட்வீசரால ஓட்டைக்குள்ள வச்சா முடிஞ்சுது, துடைக்கும்போது தெரியாம கை பட்டா கூட அறுந்துபோகாம திரும்ப நேராயிடும். ரொம்ப இழுக்காதீங்க, நாள் பட நாள் பட றெக்கையையே வளைச்சுடும். உள்பக்கக் கம்பிங்களை முதல்ல முடிச்சுட்டு வெளிய வாங்க, இல்லைன்னா கட்டின கம்பியிலயே கை மாட்டும்.

டமியா இதுக்குன்னே எட்ச் பண்ணின, அதாவது மெல்லிசுத் தகட்டை ரசாயனத்துல அரிச்சு எடுத்த, உலோகக் கம்பி செட்டைத் தனியா போட்டிருக்காங்க. நிஜக் கம்பி உருண்டை கிடையாது, காத்தைக் கிழிச்சுட்டுப் போற மாதிரி தட்டையா இருக்கும், அந்தத் தட்டை அழகு உலோகத்துலதான் வரும். ஆனா நீளம் முன்னாடியே வெட்டி வர்றதால உங்க றெக்கை அரை மில்லிமீட்டர் கோணினாலும் உக்காராது. முதல் மாடலுக்கு எலாஸ்டிக்கே போதும்.

கேள்வி: இவ்வளவு கம்பி இருக்கறதாலதான் இதுக்கு 'ஸ்ட்ரிங்பேக்'னு பேரா?
– வாசகர், சேலம்

பதில்: எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க, காரணம் வேற. அந்தக் காலத்து இங்கிலாந்துல கடைக்குப் போறவங்க கையில நூல்ல பின்னின பை இருக்கும், எதைப் போட்டாலும் கொள்ளும். டார்பிடோ (தண்ணிக்குள்ள ஓடிக் கப்பலைத் தாக்கற குண்டு), வெடிகுண்டு, கண்ணிவெடி, வெளிச்சம் காட்டற ஃப்ளேர்னு எதைக் கொடுத்தாலும் இந்த விமானம் தூக்கிட்டுப் போனதால வந்த பேர்.

கேள்வி: இத்தாலியோட டாரன்டோ துறைமுகத் தாக்குதல்ல போன விமானமா கட்ட ஆசை. கலர் எப்படி, வேற என்ன கவனிக்கணும்?
– வாசகர், கோவை

பதில்: 1940 நவம்பர் 11 ராத்திரி இல்லஸ்ட்ரியஸ்ங்கற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல்லேருந்து 21 ஸ்வார்ட்ஃபிஷ் கிளம்பிப் போய் இத்தாலியோட மூணு போர்க்கப்பலைச் செயலிழக்க வச்சுது, திரும்பாதது ரெண்டே விமானம். மேல் றெக்கைக்கு எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரேயும் டார்க் ஸ்லேட் கிரேயும். ஆனா கீழ் றெக்கையோட மேல்பக்கத்துக்கு டார்க் சீ கிரேயும் லைட் ஸ்லேட் கிரேயும், அதாவது ஒரு படி வெளிறின ஜோடி. மேல் றெக்கையோட நிழல் அதுமேல விழறதால, மேலேருந்து பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணா கலந்து தெரியட்டும்னு அப்படி அடிச்சாங்க. இதை விட்டுட்டு எல்லாத்துக்கும் ஒரே கலர் அடிச்ச மாடலைத்தான் நான் அதிகம் பாக்கறேன், மனசு கேக்க மாட்டேங்குது. எஞ்சின் முன்னாடி இருக்கற வளையம் ஒன்பது சிலிண்டரோட புகையையும் சேர்த்து வெளிய விடற வளையம், அதுக்கு சூட்டுல வெந்த வெண்கலப் பழுப்பு கொடுங்க.

இன்னொண்ணு, வழக்கமா மூணு பேர் உக்கார்ற விமானம், அன்னைக்கு ராத்திரி கூடுதல் பெட்ரோல் டேங்குக்காக பின்னாடி துப்பாக்கிக்காரரை இறக்கிட்டாங்க. அதனால மூணு பொம்மையையும் ஒட்டிடாதீங்க, ரெண்டு பேர்தான்.

கேள்வி: அண்ணை, நான் திருகோணமலை. எங்கட சீனக்குடாவிலயும் இந்த விமானம் நிண்டதெண்டு அப்பப்பா சொல்லுவார். உண்மையோ?
– வாசகர், திருகோணமலை

பதில்: உண்மைதான். பிரிட்டிஷ் கடற்படையோட 788-வது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, அங்க இருந்துது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான்காரங்க கொழும்பைத் தாக்க வந்த காலையில அந்த ஸ்குவாட்ரனோட ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் டார்பிடோவைச் சுமந்துட்டு சீனக்குடாவிலேருந்து கொழும்புப் பக்கம் பறந்து வந்துது. வழியில ஜப்பானோட ஜீரோ சண்டை விமானங்க பிடிச்சுக்கிச்சு. ஸ்வார்ட்ஃபிஷ்ஷோட அதிக வேகமே மணிக்கு 220 கிலோமீட்டர் கிட்டதான், வயித்துல 700 கிலோவுக்கு மேல டார்பிடோ வேற, ஆறையும் சுட்டு வீழ்த்திட்டாங்க. நாலு நாள் கழிச்சு மட்டக்களப்புக் கடல்ல ஹெர்மிஸ்ங்கற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கினப்ப, அதைக் காப்பாத்த கப்பல்ல ஒரு விமானம் கூட இல்லை.

நீங்க கட்டறதா இருந்தா அந்த ஆறுல ஒண்ணா கட்டுங்க, றெக்கையை மடிக்காம விரிச்சு, டார்பிடோவை மாட்டியே வைங்க. முடிச்சதும் ஒரு போட்டோ அனுப்புங்க, அப்பப்பா சொன்னதையும் சேர்த்து எழுதுங்க, அடுத்த இதழ்ல போடறேன்.