மருத்துவர் பதில்: 43 வயதில் கடற்கன்னி நீச்சல் கற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. சிங்கப்பூரில் செங்காங்கில் வசிக்கிறேன். நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலை. சென்ற ஆண்டுதான் நீச்சல் கற்றேன். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் அடித்துக் குளத்தின் மறுமுனைக்குப் போய்விடுவேன்; ஆனால் ஆழமான பகுதியில் நடுவில் நின்று மிதக்கச் சொன்னால் பதற்றம் வந்துவிடும். என் 11 வயது மகள் ஸ்விம்சேஃபர் என்ற நீச்சல், நீர்ப் பாதுகாப்புத் திட்டத்தில் மூன்றாம் நிலை முடித்திருக்கிறாள். கடற்கன்னி வால் அணிந்து நீந்தக் கற்றுத்தரும் வகுப்பில் இருவரும் சேரலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கும் ஆசைதான். ஆனால் அடிமுதுகு அவ்வப்போது பிடித்துக்கொள்ளும். விமானம் இறங்கும்போது காது அடைத்து வலிக்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். நான் சேரலாமா? மூச்சடக்கும் பயிற்சியை இப்போதே ஆரம்பிக்கலாமா? வால் வாங்கிக் கொடுத்தால் மகள் எங்கள் கொண்டோ (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) குளத்தில் பழகலாமா?
— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, தாராளமாகச் சேரலாம். வயது தடையில்லை. முதுகையும் காதையும் கண்ணையும் பக்குவமாகப் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. எனக்குக் கவலை தந்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: நடுவில் நின்று மிதக்கச் சொன்னால் பதற்றம் வருகிறது என்பது. வாலைத் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கடற்கன்னி வால் பார்க்கத்தான் துணி. உள்ளே இரண்டு பாதங்களையும் ஒன்றாகப் பொருத்தும் மோனோஃபின் என்ற அகன்ற துடுப்பு இருக்கும். அதைப் போட்டுக்கொண்டால் கால்களை அகட்ட முடியாது. உங்களுக்குத் தெரிந்த ஒரே நீச்சலான பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கோ கால்களை அகட்டித்தான் உதைக்கவேண்டும். அதாவது, வால் ஏறிய நிமிடமே நீங்கள் கற்றது பாதி கைவிட்டுப் போகும். தடுமாறினால் சட்டென்று காலூன்றி நிற்கவும் வராது, இடுப்பளவு தண்ணீரில்கூட. டால்ஃபின் கிக் என்கிற அலைபோன்ற உதை பழகப் பழக வந்துவிடும். ஆனால் பதறும்போது மனித உடம்பு புதிதாகக் கற்றதை மறந்து பழையதைத்தான் தேடும்.

ஆகவே, வால் இல்லாமல் மூன்று காரியங்கள் உங்களுக்குச் சாதாரணமாக வரவேண்டும். மல்லாந்து மிதந்தபடி இரண்டு மூன்று நிமிடம் நிதானமாக மூச்சுவிடுவது, ஆழத்தில் நின்ற இடத்திலேயே மிதப்பது, கால்களைச் சேர்த்து இறுக்கிக்கொண்டு கையால் மட்டும் துழாவிச் சுவருக்கு வந்து சேர்வது. மூன்றாவதற்கு, தொடைகளுக்கு இடையே மிதவைக் கட்டை ஒன்றை வைத்துக்கொண்டு பழகுங்கள். இப்போது நீச்சல் சொல்லித்தருபவரிடம் கேட்டாலே செய்து காட்டுவார். இந்த மூன்றும் வந்துவிட்டால் உங்கள் பதற்றம் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

வகுப்பில் முதலில் கற்கவேண்டியது வாலைக் கழற்றுவதை. குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, குதிகால் பட்டையைத் தள்ளி, ஒரு குதிகாலை வெளியே எடுத்து, பிறகு மற்றதை எடுத்து, துடுப்பை உதறிவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டும் கை தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு ஆசிரியர் பக்கத்தில் நிற்க, ஆழமில்லாத தண்ணீரில் அதையே செய்யுங்கள். இதைச் சொல்லித்தராமல் நேரே நீந்தவிடும் வகுப்பில் சேராதீர்கள்.

மூச்சடக்கும் பயிற்சிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் ஒரு தவிப்பு வருகிறதே, அதை எழுப்புவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதல்ல, ரத்தத்தில் கரியமில வாயு கூடுவதுதான். தண்ணீருக்குள் போகுமுன் வேகவேகமாக ஆழ்ந்து மூச்சை இழுத்துவிட்டால் கரியமில வாயு குறையுமே தவிர, ஆக்சிஜன் இருப்பு அப்படியொன்றும் கூடிவிடாது. தவிப்பு தாமதமாகும், அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த, ஆரோக்கியமான, இளவயதுக்காரர்களும் இப்படி உயிரை விட்டிருக்கிறார்கள். நெஞ்சளவு தண்ணீரிலும் இது நடக்கும். மயங்குபவர் கையை அடிக்கமாட்டார், கூப்பிடமாட்டார். மேலிருந்து பார்ப்பவருக்கு அவர் அமைதியாக நீந்திக்கொண்டிருப்பதுபோலவே தெரியும். சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்பட்டுவிடும்.

அதனால் குளியல்தொட்டியிலோ குளத்திலோ தனியாக மூச்சை அடக்கிப் பழகவே கூடாது. யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்று மகளோடு விளையாட்டுக்குக்கூடப் போட்டி வேண்டாம். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, வயிறு மெல்ல எழுந்து தாழும்படி நிதானமாக மூச்சுவிட்டு, வெளிவிடும் மூச்சைச் சற்று நீட்டுங்கள். இப்போதைக்கு இந்தப் பயிற்சி போதும். வகுப்பிலும் ஆரம்பத்தில் பத்து விநாடி நீருக்குள் இருந்தால் போதுமானது. மேலே வந்தபின், உள்ளே இருந்த நேரத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு ஓய்வெடுத்த பிறகே அடுத்த முறை போகவேண்டும். அழகான காணொளிகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். அமெரிக்காவில் புளோரிடாவின் வீக்கி வாச்சி நீரூற்றில் 1947 முதல் கடற்கன்னி வேடமிட்டு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். அந்தப் பெண்கள் நீருக்குள்ளேயே ரப்பர்க் குழாய் வழியாகக் காற்றை எடுத்துக்கொள்கிறார்கள். நெடுநேரம் மூச்சடக்குவதுதான் இந்தக் கலை என்று நினைக்கத் தேவையில்லை.

ஒருவர் நீருக்குள் இருந்தால் இன்னொருவர் மேலே இருந்து அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் வெளியே வந்தபிறகும் அரை நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது. மயக்கம் மேலே வந்தபிறகும் வரலாம். நீங்களும் மகளும் ஒரே நேரத்தில் வால் அணியாதீர்கள். ஒருவருக்கொருவர் காவல் என்றும் எண்ணாதீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் 11 வயதுப் பிள்ளையால் உங்களைத் தூக்கமுடியாது. ஆசிரியர் உடன் இருக்கவேண்டும்.

கொண்டோ குளம் பற்றிய கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: வேண்டாம். இங்கே பல கொண்டோ குளங்களில் உயிர்காப்பாளர் கிடையாது. பிள்ளைக்கு வாலை வாங்கிக் கொடுத்துவிட்டால், நீங்கள் வேலையில் இருக்கும் ஒரு பிற்பகலில் தோழிகளிடம் காட்டக் கீழே போகத்தான் செய்வாள். வாலை வகுப்பிலேயே வாடகைக்கு எடுங்கள், அது வீட்டுக்கே வரவேண்டாம். ஸ்விம்சேஃபரில் மூன்றாம் நிலைக்குப் பிறகு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று இன்னும் மூன்று நிலைகள் இருக்கின்றன. அவளை அந்த வழியிலும் தொடர்ந்து அனுப்புங்கள். வாலுக்கு வேண்டிய அடிப்படை அங்கேதான் கிடைக்கும். பொதுக் குளங்களில் துடுப்பு, வால் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு இருக்கலாம், போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் இங்கே குளத்தைவிட்டு வெளியேறச் சொல்வார்கள். வாலோடு ஏறி ஓடமுடியாது. வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள்.

இனி உங்கள் முதுகு. புதிதாகப் பழகுபவர்கள் அலையை நெஞ்சிலிருந்து தொடங்காமல், முழங்காலை மடக்கி உதைத்து, அடிமுதுகை மட்டும் வளைக்கிறார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இடுப்பின் முன்பக்கத் தசைகள் இறுகியிருப்பதால் அந்த வளைவு இன்னும் கூடும். அகன்ற துடுப்பு தண்ணீரைத் தள்ளும் பாரம் முழுவதும் அங்கே போய் விழும். வகுப்புக்கு ஒன்றரை மாதம் முன்பே தயாராகுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, அடிமுதுகு தரையில் படியும்படி வயிற்றை இறுக்கி, பின் இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். நின்றபடி ஒரு காலைப் பின்னால் வைத்து இடுப்பின் முன்பக்கத்தை நீட்டிவிடுங்கள். முதல் வகுப்புகளில் அரைமணி நேரத்துக்கு மேல் வாலோடு இருக்காதீர்கள். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ கால் மரத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படவில்லை என்றால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

பாதத்தை நீட்டியே வைத்திருப்பதால் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, துடுப்பின் நுனியை உங்களை நோக்கி இழுங்கள், விட்டுவிடும்.

காதைப் பொறுத்தவரை, விமானத்தில் வலிப்பவருக்குத் தண்ணீரிலும் வலிக்க வாய்ப்பு அதிகம். ஒரு மீட்டர் இறங்கினாலே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. மூக்கைப் பிடித்து வாயை மூடி மெல்ல ஊதிக் காதைத் திறப்பதை வலி வருமுன்பே செய்யவேண்டும். பலமாக ஊதக் கூடாது. திறக்கவில்லை என்றால் இறங்காமல் மேலே வந்துவிடுங்கள். சளி பிடித்திருக்கும் நாளில் நீருக்கு அடியில் போகவேண்டாம். காதடைப்பான் போட்டுக்கொண்டும் இறங்காதீர்கள், அழுத்தம் இன்னும் மோசமாகும். உங்களுக்கு அடிக்கடி மூக்கடைப்பும் தும்மலும் உண்டு என்றால், அந்த ஒவ்வாமைக்கு முதலில் மருந்து எடுத்தால் காதும் பெருமளவு சரியாகலாம். குளித்தபின் காதுக்குள் பஞ்சுக்குச்சி விடாதீர்கள்.

லென்ஸைக் கழற்றாமல் குளத்தில் இறங்கவே கூடாது. தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கும் விழிக்கும் இடையில் தங்கினால் பார்வையையே பறிக்கக்கூடும். குளோரின் போட்ட குளமும் விலக்கல்ல. ஆழமில்லாத தண்ணீருக்குப் பவர் போட்ட நீச்சல் கண்ணாடி போதும். கண் சிவந்து, கடுமையாக வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலிப்பு நோய், இதயத் துடிப்புக் கோளாறு, கட்டுக்குள் வராத ஆஸ்துமா அல்லது ரத்த அழுத்தம், இன்சுலின் போடும் நீரிழிவு — இவற்றில் எது இருந்தாலும் நான் மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் எழுதவில்லை, இருந்தால் பணம் கட்டுமுன் உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ (பாலிகிளினிக்) பாருங்கள். எதுவும் இல்லை என்றால், இந்த வாரமே நீச்சல் ஆசிரியரிடம் மல்லாந்து மிதப்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.