யாரோடு யாரை வைப்பது – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பிரான்ஸில் போர் நினைவிடங்களைத் தேடி நீங்கள் தனியாகக் காரோட்டிப் போன பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். மே மாதம் பத்து நாள் விடுப்பு கிடைக்கிறது. நானும் தனியாகவே போகலாம் என்றிருக்கிறேன். ஊரில் அம்மாவிடம் சொன்னதற்கு, "லீவு போட்டு சுடுகாடு சுடுகாடா சுத்தப்போறியா?" என்கிறார். கூட வேலை பார்க்கும் நண்பரோ, "வெள்ளைக்காரன் அவனுக்குள்ள அடிச்சுக்கிட்டது, நமக்கென்ன?" என்கிறார். என் தயக்கம் வேறு. இத்தனை பேர் செத்த இடத்தில் இறங்கி, நாலு போட்டோ எடுத்து, காபி குடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு வண்டியைக் கிளப்புவது கேவலமில்லையா? போவதென்றால் எங்கெல்லாம் போகலாம்? ஜெர்மானிய வீரர்களின் கல்லறைக்கும் போகலாமா?

வி.

அன்புள்ள வி.,

உங்கள் தயக்கம் நியாயமானது. ஆனால் அதற்காகப் பயணத்தைக் கைவிடாதீர்கள். அந்த இடங்கள் எல்லாம் யாராவது வரவேண்டும் என்றே கட்டப்பட்டவை. முதல் உலகப்போரில் இறந்த தன் வீரர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவர பிரிட்டன் அனுமதிக்கவில்லை. விழுந்த மண்ணிலேயே அடக்கம், அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்று முடிவெடுத்தது. வசதி படைத்த குடும்பங்கள் மன்றாடியும் அது மாறவில்லை. பிள்ளையின் கல்லை ஒருமுறைகூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்த பெற்றோர் எத்தனையோ பேர். அந்தக் கல்லின் முன் இன்று யாரோ ஒருவர் வந்து நிற்பதில் எனக்குக் கேவலம் எதுவும் தெரியவில்லை. பட்டியல் போட்டுக்கொண்டு ஒரே நாளில் ஏழெட்டு இடங்களை ஓடி முடிப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும். இறந்தவர்களில் யாரை யாரோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள், யாரைத் தனியே பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அது உயிரோடிருந்தவர்கள் எடுத்த முடிவு. ஒவ்வொரு இடத்திலும் அது வேறாக இருக்கிறது.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிளம்பினால் முதலில் வருவது வெர்டன். 1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் வரை நடந்த சண்டை. அங்கே துவோமோனில், எலும்புகளைச் சேர்த்துவைத்த நினைவுக் கட்டடத்தில் சுமார் 1,30,000 பேரின் எலும்புகள் இருக்கின்றன. எது பிரெஞ்சுக்காரனுடையது, எது ஜெர்மானியனுடையது என்று பிரிக்க முடியாததால் ஒன்றாகவே வைத்துவிட்டார்கள். கட்டடத்தின் வெளிச்சுவரில், தரைமட்டத்தில் சிறு கண்ணாடி ஜன்னல்கள் உண்டு. குனிந்தால்தான் உள்ளே தெரியும். தொடை எலும்புகள் ஒருபக்கம், மண்டையோடுகள் ஒருபக்கம். அங்கே மட்டும் கேமராவை எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்பக்கச் சரிவில் 16,000க்கும் மேற்பட்ட கல்லறைகள். பிரான்ஸுக்காகப் போரிட்ட முஸ்லிம் வீரர்களின் கற்கள் மட்டும் மெக்காவை நோக்கித் திரும்பியிருக்கும்.

பக்கத்திலேயே ஃப்ளெரி. அதற்கு அரைநாள் ஒதுக்குங்கள். போருக்கு முன் சில நூறு பேர் வாழ்ந்த கிராமம். மாறி மாறிப் பிடிக்கப்பட்டுக் கடைசியில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. இன்று அங்கே மரங்களும், குண்டு விழுந்து அலை அலையாகக் குழிந்த தரையும்தான். புல் மூடிய அந்தக் குழிகளுக்கு நடுவே, இங்கே ரொட்டிக் கடை இருந்தது, இங்கே கொல்லன் பட்டறை, இங்கே பள்ளிக்கூடம் என்று சிறு அடையாளங்கள் நட்டிருக்கிறார்கள். பட்டறைக்கும் ரொட்டிக் கடைக்கும் இடையே நடந்து பாருங்கள், சில நிமிட நடைதான். வெர்டனைச் சுற்றி இப்படி அழிந்த கிராமங்கள் ஒன்பது. குடியிருப்போர் ஒருவரும் இல்லாவிட்டாலும் ஃப்ளெரிக்கு இன்றும் மேயர் உண்டு. அரசாங்கம் நியமிக்கிறது. ஊர் செத்தாலும் ஊரின் பெயரைக் கணக்கிலிருந்து எடுக்கமாட்டோம் என்ற பிடிவாதம் அது. அந்தப் பிடிவாதத்தை நான் வணங்குகிறேன்.

உங்கள் நண்பரை நெவ் ஷப்பேலுக்கு அழைத்துப் போங்கள். வராவிட்டால் அங்கிருந்து போன் செய்யுங்கள். வடக்குப் பிரான்ஸின் அராஸ் நகருக்கு வடக்கே, தட்டையான வயல்களுக்கு நடுவே, லாரிகள் சுற்றிப் போகும் ஒரு ரவுண்டானாவை ஒட்டி இருக்கிறது இந்திய நினைவிடம். வட்டமான மதில், தாமரைத் தலைப்பு கொண்ட உயரமான தூண், காவலாக இரண்டு கல் புலிகள். ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்தது, 1927இல் திறந்தார்கள். கல்லறையே கிடைக்காத 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் மதிலில் இருக்கின்றன. 1914 செப்டம்பர் இறுதியில் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கத் தொடங்கிய இந்தியப் படைகள் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பதுங்குகுழியில் கிடந்தன. போர் முடிவதற்குள் பிரான்ஸுக்கும் பெல்ஜியத்துக்கும் வந்த இந்திய வீரர்கள் 1,30,000 பேர். ஏறத்தாழ 9,000 பேர் திரும்பவில்லை.

அந்த மதிலில் கப்பர் சிங் நேகி என்ற பெயரைத் தேடுங்கள். கார்வால் ரைஃபிள்ஸ் என்ற படைப்பிரிவு. 1915 மார்ச் 10, நெவ் ஷப்பேல் தாக்குதலின் முதல் நாளில் ஜெர்மானியப் பதுங்குகுழிக்குள் முன்னணியில் நுழைந்து செத்தார். வயது 19. இறந்தபின் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். கார்வால் மலையில் சம்பா என்ற ஊரில் இன்றும் சித்திரை மாதம் அவர் பெயரில் திருவிழா நடக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் அதிகம் இல்லையே என்று நண்பர் கேட்டால், புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்கும் பிரெஞ்சுப் போர் நினைவகத்தைச் சொல்லுங்கள். பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய்ச் செத்தவர்களுக்காக எழுப்பி 1938இல் திறந்தது. மாலைக் காற்றுக்காக அதைக் கடந்து நடக்கிறவர்களில் எத்தனை பேர் நின்று பார்க்கிறோம்?

நெவ் ஷப்பேலில் இந்தியர்களைத் தனியே வைத்தார்கள். நோத்ர்-தாம்-த-லொரெத் குன்றின்மேல் 2014 நவம்பர் 11 அன்று திறந்த வட்ட வடிவ நினைவிடத்தில் அப்படியில்லை. பிரான்ஸின் அந்த வடக்குப் பகுதியில் இறந்த 5,79,606 பேரின் பெயர்கள் உலோகப் பலகைகளில் வெறும் அகரவரிசையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நாடு கிடையாது, பதவி கிடையாது, மதம் கிடையாது. ஷ்மிட்கள் வரிசையாக முடிந்து கொஞ்சம் தள்ளிப் போனால் சிங்குகள், பிறகு ஸ்மித்துகள். கொன்றவனும் செத்தவனும் ஒரே பலகையில் இருக்கலாம். நூறு ஆண்டுகள் ஆனபிறகுதான் அப்படி எழுத மனம் வந்திருக்கிறது. நான் பார்த்தவற்றில் இதைவிடச் சரியான முடிவு வேறில்லை. ஒரே ஒரு இடம்தான் போகமுடியும் என்றால் இங்கே போங்கள்.

ஜெர்மானியக் கல்லறைக்கும் கட்டாயம் போங்கள். லொரெத்திலிருந்து சிறிது தூரத்தில், நெவில்-சேன்-வாஸ்த் ஊரில், 44,833 பேர் கிடக்கிறார்கள். கரிய சிலுவைகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் அல்ல, பல பேரின் பெயர்கள். பிரிட்டிஷ் கல்லறைகளில் கல்லுக்குக் கல் பூச்செடி இருக்கும். இங்கே புல்லும் மரமும் மட்டும்தான். தோற்றவனுக்கு வெற்றி பெற்றவன் கொடுத்த இடம் இவ்வளவுதான். சிலுவைகளுக்கு இடையில் அங்கங்கே எபிரேய எழுத்துகளுடன் கற்கள் வரும். ஜெர்மனிக்காகச் செத்த யூத வீரர்கள். அவர்களுடைய குடும்பங்களுக்கு அடுத்த போரில் அதே ஜெர்மனி என்ன செய்தது என்பது ஸ்டுட்கார்ட்டில் வாழும் உங்களுக்குத் தெரியும்.

நாள் மிஞ்சினால் ஒராதூர்-சுர்-க்ளான். லிமோஜ் அருகில், அராஸிலிருந்து ஒரு பகல் முழுக்க ஓட்டவேண்டும். 1944 ஜூன் 10 அன்று ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் ஆண்களைக் களஞ்சியங்களிலும் பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்திலும் அடைத்துக் கொன்ற ஊர். இறந்தவர்கள் 642 என்றே பல பத்தாண்டுகள் எழுதிவந்தார்கள். 2020இல் இன்னும் ஒரு ஸ்பானிய அகதிப் பெண்ணை அடையாளம் கண்டு 643 ஆக்கினார்கள். எழுபத்தாறு ஆண்டுகள் கழித்தும் ஒருவரைச் சேர்க்கிறார்கள். இடிபாடுகளை அப்படியே விடச் சொன்னவர் பிரெஞ்சுத் தலைவர் தெ கோல். துருப்பிடித்த கார்களும் தையல் மெஷின்களும் கிடக்கும் தெருக்கள். அதைத் தனியாகப் பார்த்துவிட்டு இரவு நெடுந்தூரம் ஓட்டாதீர்கள், லிமோஜிலேயே தங்குங்கள்.

வண்டி விஷயம் சுருக்கமாக. சுங்கச் சாலைகளை விட்டு உள்சாலைகளில் போங்கள். வேகம் பெரும்பாலும் 80. கிராமங்களுக்குள் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிடவேண்டிய சந்திப்புகள் உண்டு. வெர்டன் காட்டில் பாதையை விட்டு இறங்கவே கூடாது, வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடக்கின்றன. உழவர்கள் ஏர் ஓட்டும்போது கிடைப்பதை வயலோரத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். தொடாதீர்கள். ஞாயிறு மதியத்துக்குமேல் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் அலையவேண்டியிருக்கும்.

மே மாதம் என்கிறீர்கள். மே 8 விடுமுறை, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் முடிந்த நாள். அன்று காலை எந்தக் கிராமத்தில் இருந்தாலும் அதன் நினைவுத்தூண் அருகே போய் நில்லுங்கள். மேயர் மலர்வளையம் வைப்பார், முதியவர்கள் கொடி பிடித்து நிற்பார்கள். நீங்கள் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். முடிந்ததும் பல ஊர்களில் ஊர் மன்றத்துக்குக் கூப்பிட்டு எல்லோருக்கும் ஒரு கோப்பை பானம் கொடுப்பார்கள். கூப்பிட்டால் போங்கள்.

அன்புடன்.